சருகுச் சிங்கம்

"போன தடவை மாதிரி அழுகை வந்து கெடுத்துடக் கூடாது. இன்னிக்கும் தேறலைன்னா அவ்வளவுதான்" என்று மனைவி கணவனின் காதைக் கடித்தாள்.

தரையில் ஆறு வயதுச் சிறுமி இலையுதிர்காலச் சருகுகளை அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். அட்டைச் சிங்கத்துக்குப் பிடரி வளர்ந்துகொண்டிருந்தது. எதிர் நாற்காலியில் மேடம், கண் கொட்டாமல்.

"காம்பைக் கிள்ளிட்டு ஒட்டும்மா" என்றான் கணவன்.

"ஐயோ, சொல்லிக் கொடுக்காதீங்க! மேடம் பார்க்கறாங்க!"

அந்த நேரம் பார்த்துச் சிறுமியின் முழங்கை இடித்துப் பசைக் கிண்ணம் கவிழ்ந்தது. கணவனின் புதுச் சட்டை முழுக்கப் பசை. மனைவி பதறிக் கைக்குட்டையைத் தேடினாள். அவனோ ஒரு சருகை எடுத்துச் சட்டையிலேயே ஒட்டிக்கொண்டான்.

"இப்ப நானும் சிங்கம்."

சிறுமி விழுந்து விழுந்து சிரித்தாள். மேடம் எழுந்தார்.

"போதும்."

"மேடம், இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு..." மனைவி கைகூப்பினாள்.

மேடம் அதைக் காதில் வாங்காமல் சிறுமியிடம் குனிந்தார்.

"சொல்லுடா செல்லம், இவங்க வீட்டுக்குப் போறியா? உனக்கு அம்மா அப்பாவா இவங்க வரலாமா?"

சிறுமி இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"வரட்டும் மேடம். ஆனா அந்த அம்மாகிட்ட இவ்வளவு பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க."