எஞ்சினும் பிளேடும்

மரக்கிளைகளைத் தூளாக்கும் பழைய இயந்திரம் ஒன்றில் எஞ்சினும் பிளேடும் சேர்ந்து வேலை பார்த்தன. பாதிக் கிளை உள்ளே போனதுமே எஞ்சின் திணறி நின்றுவிடும்.

"உன் கூர் மழுங்கிப்போச்சு. நான் என்ன பண்றது?" என்று அது பிளேடைத் திட்டும்.

இயந்திரத்துக்குச் சொந்தக்காரி தில்லையம்மாளும் அப்படித்தான் நினைத்தாள். மூன்று முறை பிளேடைச் சாணை பிடிக்கக் கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் பிளேடு கொஞ்சம் குறுகித் திரும்பி வந்தது. இன்னொரு தடவை போனால் பழைய இரும்புக்கடைதான் என்று அதற்குப் பயம்.

அப்போதுதான் மெக்கானிக் யாகூப் வந்தார்.

"பிளேடு நல்லாத்தான் இருக்குக்கா. எஞ்சினைப் பிரிச்சுப் பார்ப்போம்."

உள்ளே பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து, சிலிண்டர் முழுக்கக் கீறல் விழுந்திருந்தது. லேத் பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டனும் ரிங்குகளும் போட்டு, நாலு நாளில் எஞ்சினைப் பூட்டினார். பிளேடை அவர் தொடவே இல்லை.

ஒரே இழுப்பில் எஞ்சின் கிளம்பியது. தொடை பருமன் வேப்பங்கிளை கண் முன்னே தூளாகிக் கொட்டியது.

"பார்த்தியா? நீ ஒழுங்கா வெட்டினா நான் ஏன் நிக்கப்போறேன்?" என்றது எஞ்சின்.

பிளேடு பதில் சொல்ல வாயெடுத்தது. அதற்குள் அடுத்த கிளை வந்துவிட்டது. பிளேடு வெட்டப் போய்விட்டது.