கைமாறி வந்த பதில்

"யார் சொன்னதுன்னு மட்டும் கேக்காதீங்க, அண்ணே. பொண்ணு தங்கம்னுதான் சொல்லியிருக்காங்க. அப்பாவுக்குத்தான் ஊர் வம்பு அதிகமாம். மாப்பிள்ளை வீட்டுல பயப்படுறாங்க லா."

மாப்பிள்ளை வீட்டுக்குப் பழக்கமான முத்துக்குமாரு காப்பாரிலிருந்து இதைச் சொல்லிப் போனை வைத்ததும் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் விநாயகமூர்த்திக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மகள் மீனலோசனிக்குப் பார்த்த மாப்பிள்ளை காப்பார் மின் நிலையத்தில் இன்ஜினியர். இருவருக்கும் பிடித்துப்போய், மாப்பிள்ளை வீட்டார் விசாரித்து நாள் குறிப்பதுதான் பாக்கி. அதில் எவனோ மண்ணை அள்ளிப் போட்டுவிட்டான்.

"நானா வம்பளக்கிறேன்?" என்று மனைவியைக் கேட்டார். குணபூசணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

சம்பந்தம் விசாரிக்க அவர்கள் சமூகத்தில் ஒரு முறை உண்டு. நேரே போய் யாரும் கேட்கமாட்டார்கள். ஒருவர் இன்னொருவரிடம் கேட்பார், அவர் தமக்குத் தெரிந்த வேறொருவரிடம். கேட்பது யார் என்றும் சொல்வதில்லை, எந்த வீட்டைப் பற்றி என்று பெயரும் சொல்வதில்லை; ஊர், வேலை என்று அடையாளம் மட்டும்தான். கூடாமல் போனால் பெண்ணுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாதே. பதிலும் வந்த வழியே திரும்பிப் போகும்.

இந்த முறையை வாய் ஓயாமல் மெச்சியவர் விநாயகமூர்த்தி. இப்போது அவரே அதை உடைக்கக் கிளம்பினார்.

அடுத்த தெரு சிவசம்புவின் வேலைதான் இது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவரைப் போலவே ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். சிவசம்புவின் மகளும் மீனலோசனியைப் போல டீச்சர்தான், இன்னும் வரன் அமையவில்லை. வயிற்றெரிச்சல் இல்லாமல் வேறென்ன? ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துப் பொய் என்று நிரூபித்தால் சம்பந்தம் தப்பும்.

விட்டுவிடுங்கள் என்று குணபூசணி சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

முத்துக்குமாருவை மறுபடி கூப்பிட்டுக் கெஞ்சியதில், சுங்கை பூலோ கோவில் கமிட்டிக்காரர் ஒருவரைக் கைகாட்டினார். அவரை அதட்டியதில், பதில் கிள்ளானிலிருந்து வந்தது என்றார். கிள்ளானில் யார்? தங்கரத்தினம். விநாயகமூர்த்தியின் ஒன்றுவிட்ட தங்கை.

சொந்த ரத்தம் என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"உனக்கு இதைச் சொன்னது சிவசம்புதானே? மறைக்காதே, தங்கரத்தினம். இது மீனாவோட வாழ்க்கை."

தங்கரத்தினம் போனில் பதறினாள்.

"மீனாவுக்குன்னு எனக்குத் தெரியாதே, அண்ணே. பிரிக்பீல்ட்ஸ், அப்பா ரயில்வே பென்ஷன், பொண்ணு டீச்சர், அவ்வளவுதான் கேட்டு வந்துச்சு. பிரிக்பீல்ட்ஸ்னா நான் உங்களைத்தானே கேப்பேன்? நீங்கதான் 'அது அடுத்த தெரு வீடு, எனக்குத் தெரியும்'னு சிரிச்சீங்க. பொண்ணு தங்கம், அப்பனுக்குத்தான் ஊர் வம்பு அதிகம்னு சொன்னதும் நீங்கதான்."

விநாயகமூர்த்தி போனை மெல்ல வைத்தார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே குணபூசணி அடுப்படியிலிருந்து வந்தாள்.

"யார் சொன்னதுன்னு மட்டும் கேக்காதே," என்றார் அவர்.