மழை நிற்கும் விளையாட்டு

டொறீன் டீச்சர் சொன்னதை ராஜநாயகம் பல வருஷம் நம்பவில்லை. பொய் என்று முகத்துக்கு நேரே சொல்லவும் மனம் வரவில்லை.

இலங்கையில் நாவுலைப் பக்கம் ஒரு கொக்கோத் தோட்டம். அங்கே இருந்த சின்னப் பள்ளிக்கூடத்துக்கு ராஜநாயகம் தலைமை ஆசிரியர். டொறீன் கீழ் வகுப்புக்கு டீச்சர். எழுபத்தேழு இனக்கலவரத்துக்கு அடுத்த வருஷம் தம்புள்ளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். தனி ஆள். அதிகம் பேசமாட்டார்.

சங்கீத பாடத்துக்கு ஆர்மோனியம் கிடையாது. பால் டின்னுக்குள் மிளகு, சாக்கு நிறையக் காய்ந்த கொக்கோ இலை, நூலில் கோத்த போத்தல் மூடி. பிள்ளைகளே செய்தவை. சுவர் ஆணியில் மட்டும் கடையில் வாங்கிய தகரக் கிலுகிலுப்பை ஒன்று தொங்கும். அதை யாரும் தொடக்கூடாது.

"மழை வருது," என்பார் டீச்சர்.

விரல்கள் மேசையைத் தட்டும். டின்கள் குலுங்கும். சாக்கு சரசரக்கும். பலகைத் தரையில் கால்கள் இடி இடிக்கும். டீச்சர் கையைத் தூக்கி விரல்களை மூடுவார். எல்லாம் நின்றுவிடும். கை திறக்கும்வரை ஒரு சத்தம் வரக்கூடாது.

"உங்க மழையில பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு அடிச்சிக்கிட்டுப் போகுது டீச்சர்," என்று ராஜநாயகம் சிரிப்பார்.

"அதான் நிப்பாட்டவும் பழக்குறேன் சேர்."

எண்பத்து மூன்றில் விளையாட்டில் மழை குறைந்தது, நிறுத்தம் நீண்டது. கையை மூடியபடியே டீச்சர் பின்னால் போய் ஒரு டின்னைக் கீழே போடுவார். பிள்ளைகளின் மூக்கில் இலையால் தடவுவார். காதைக் கிள்ளுவார். யாராவது சிணுங்கினால் மறுபடி முதலிலிருந்து.

ஒரு நாள் தோட்டத் தொழிலாளி மரியாயி தன் மகள் லூசியாவை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"சேர், இந்தக் கையப் பாருங்க. கொதிக்கிற தேத்தண்ணி கொட்டிருச்சு. புள்ள கத்தவே இல்ல."

"ஏன்?"

"அண்ணங்காரன் வெளையாட்டுக்குக் கைய மூடிக் காட்டிக்கிட்டு நின்னிருக்கான். கண்ணுல தண்ணி ஊத்துது, வாயத் தெறக்கல. அழக்கூடத் தெரியாம ஆக்குறதுக்கா பள்ளிக்கூடம் அனுப்புறோம்?"

கொப்புளம் போட்டிருந்த அந்தச் சின்னக் கையைப் பார்த்து ராஜநாயகம் அதிர்ந்துபோனார். டீச்சரைக் கூப்பிட்டார்.

"இது சங்கீதமா டீச்சர்?"

"நிப்பாட்டத் தெரிஞ்சாத்தானே சேர் சங்கீதம்."

"ஆறு வயசுப் புள்ள வலிச்சா அழக்கூடவா கூடாது?"

"கைய மூடினா கூடாது சேர்."

இப்படியும் ஒரு கல்மனசா என்றிருந்தது அவருக்கு. இந்த டீச்சரை வேறெங்காவது மாற்றுங்கள் என்று கேட்க, அந்த ஆடி மாதமே மாத்தளைக் கல்வி அலுவலகத்துக்கு பஸ் ஏறினார்.

போன நேரம் மறுபடி கலவரம் வெடித்து டவுன் எரியத் தொடங்கியது. அங்கே தெரிந்த கடைக்காரர் ரவூப் முதலாளி தன் கடை மேல்மாடியில் ஒளித்து வைத்ததால் ராஜநாயகம் உயிர் தப்பினார். தோட்டத்துக்குத் திரும்பி வந்தபோது பள்ளிக்கூடத்தில் கரிச்சுவர்தான் நின்றது. பிள்ளைகளில் ஒன்றுகூடக் குறையவில்லை.

டீச்சர் சொன்னது கொஞ்சம்தான். லொறிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகளைக் கொக்கோ மரங்களுக்குள் இறக்கியிருக்கிறார். அங்கே காய்ந்த இலையில் கால் அசைந்தாலே மேலே ரோட்டுக்குக் கேட்கும். எல்லாரையும் உட்கார வைத்துக் கையை மூடியிருக்கிறார். கத்தியோடு வந்தவர்கள் பள்ளிக்கூடத்துக்குத் தீ வைத்துவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் நின்று சிகரெட் குடித்திருக்கிறார்கள். மரத்துச் செவ்வெறும்பு பிள்ளைகளின் கழுத்தில், காதில், இமையில் ஊர்ந்து கடித்திருக்கிறது. ஒரு பிள்ளைகூட முனகவில்லை.

ராஜநாயகம் பிள்ளைகளைப் பார்த்தார். கழுத்தெல்லாம் தடித்திருந்தது. எறும்பு கடித்தது உண்மை. ஆனால் செவ்வெறும்பு கடித்தால் வளர்ந்த ஆம்பிளையே துள்ளுவான். ஆட்கள் உண்மையிலேயே அவ்வளவு பக்கத்தில் வந்தார்களா? இல்லை, தான் செய்த கொடுமைக்கு நியாயம் தேடி டீச்சர் கதையை வளர்க்கிறாரா?

"கலவரம் வரும்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும் டீச்சர்?"

"தெரியாது சேர்."

"பொறகு ஏன் பழக்குனீங்க?"

டீச்சர் ஒரு பிள்ளையின் கழுத்துத் தடிப்புக்கு எண்ணெய் தடவத் தொடங்கினார். ராஜநாயகம் மாற்றல் பேச்சை அதோடு விட்டுவிட்டார். சந்தேகத்தை விடவில்லை.

டீச்சர் ஓய்வு பெற்ற நாளில் ராஜநாயகம் புது வகுப்பறைக்குப் போனார். புதுச் சுவரிலும் ஆணியில் அதே தகரக் கிலுகிலுப்பை தொங்கியது. லொறிச் சத்தம் கேட்ட அன்று பழைய பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் எடுத்துப்போனது அது ஒன்றைத்தான். இப்போது அதைக் கழற்றினார்.

"கொண்டாங்க, நான் கடதாசியில சுத்தித் தாறேன்," என்று ராஜநாயகம் வாங்கி, சும்மா ஒரு தரம் குலுக்கினார்.

சத்தமே வரவில்லை. திருப்பிப் பார்த்தார். தகரத்தில் இருந்த ஓட்டைகள் வழியே உள்ளே பழந்துணி திணித்திருந்தது.

"என்ன டீச்சர் இது, துணிய அடைச்சிருக்கு?"

"எழுபத்தேழுல அடைச்சது சேர். அந்தத் தரமும் காட்டுக்குள்ளதான் ஒளிஞ்சிருந்தோம். மகன் கையில இது இருந்திச்சு. புடுங்குனா விடமாட்டேங்கிறான். ஆளுங்க பக்கத்துல நிக்கிறாங்க. இது சத்தம் போட்டுறக் கூடாதேன்னு அடைச்சேன்."

தனி ஆள் என்றுதான் தோட்டமே நினைத்திருந்தது; டீச்சருக்கு ஒரு மகன் இருந்து இல்லாமல் போனது யாருக்கும் தெரியாது. ராஜநாயகத்தால் கிலுகிலுப்பையைக் கீழே வைக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. இத்தனை வருஷம் தான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு என்று அப்போதுதான் தெரிந்தது. கேட்டார்.

"இதோட சத்தத்த அடைச்சிட்டீங்க டீச்சர். மகன் அழுதுட்டானா?"