அழுக்குப் பை

கொல்லையில் கிடந்த துவைக்கிற கல்லுக்கு மாதக் கடைசி வந்தாலே இருப்புக் கொள்ளாது. காலேஜ் ஹாஸ்டலில் இருக்கும் முத்தரசி அப்போதுதான் ஒரு பை நிறைய அழுக்குத் துணியைத் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள். அம்மா அதையெல்லாம் கல்லில் போட்டு அடித்தபடியே, "இன்னும் சின்னப் புள்ளையாட்டமே இருக்கா!" என்று திட்டுவாள். கல்லுக்கு அந்தத் திட்டு அவ்வளவு பிடிக்கும்.

கடைசி வருஷம் முத்தரசி வந்தாள், பை வரவில்லை. படிப்பு முடிந்ததும், ஹாஸ்டலில் இருந்த, அவள் பேர் எழுதிய பச்சை வாளியும் கொல்லைக்கு வந்து சேர்ந்தது.

"காலேஜுல துவைக்கக்கூடச் சொல்லிக் குடுக்குறாங்களா?" என்று கல் அதனிடம் கேட்டது.

"நீ வேற! ரெண்டு வருஷம் என்னைக் கவுத்துப் போட்டு, பாட்டுக்குத் தாளம் தட்டுனதோட சரி," என்றது வாளி. "அப்புறம் ஒரு நாள் பக்கத்துக் கட்டில் ரெஜினா காய்ச்சல்ல போர்வையெல்லாம் வாந்தி எடுத்துட்டா. அவ அம்மா எங்கேயோ தூரத்து ஊர்ல. இவதான் மூக்கைப் பொத்திக்கிட்டு அலசிப் போட்டா. அன்னையிலேருந்து ஊருக்கு எதையும் கட்டித் தூக்கல."

கதவு திறந்தது. முத்தரசி வந்து, தன் சுடிதாரோடு அம்மாவின் சேலையையும் துவைத்து, பிழிந்து, கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா வந்தாள். ஈரமே படாத கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, காலிக் கல்லையே பார்த்தபடி நின்றாள்.

"ஒரு கர்ச்சீப்பையாவது விட்டு வெச்சிருக்கலாம்," என்றது கல்.