ஏழாவது வெள்ளிக்கிழமை

சுவருக்கு மேலே நீண்டு வந்த கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

உள்ளங்கையில் ஊறவைத்த கொண்டைக்கடலை. அதன்மேல் ஒரு கட்டி வெல்லம்.

மல்லி அதற்குள் கழுத்தை நீட்டிவிட்டது. தோளால் இடித்துத் தள்ளினேன். அதை நான் இடித்தது இதுதான் முதல் தடவை.

கை திமிறியது. நகம் பதியட்டும் என்றே அழுத்தினேன்.

மல்லி கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் வெள்ளைக் குதிரை. கருவடிக்குப்பத்தில் கோவிந்தராசு அண்ணனின் கொட்டகையில் நிற்கிறது. லத்தி அள்ளுவதும் புல் வைப்பதும் என் வேலை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு இந்த வேலை பிடித்தது. குதிரை நம்மை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்காது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வந்து பார்த்தார். கழுத்தில் திரண்டிருப்பது பலமல்ல, கொழுப்பு என்றார். மனிதருக்குச் சர்க்கரை வருவதுபோல இதன் உடம்பிலும் ஒரு கோளாறாம். இனிப்போ தானியமோ போனால் குளம்புக்குள் வீங்கும். முற்றினால் உள்ளேயிருக்கும் எலும்பு கீழே இறங்கிவிடும். அப்புறம் ஊசி போட்டுக் கொல்வதுதான்.

அன்றிலிருந்து காய்ந்த புல் மட்டும்தான். அதையும் எடைபோட்டு, ஒரு மணி நேரம் ஊறவைத்து, இனிப்பு இறங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வைக்கிறேன். பசியோடு என்னையே பார்க்கும். பார்க்காத மாதிரி இருப்பேன். கால் நோகாமல் நிற்க மணல் அள்ளி வந்து கொட்டினேன்.

இவ்வளவு செய்தும் ஒவ்வொரு சனிக்கிழமையும் மல்லி முன்கால்களை நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஓர் அடி எடுத்து வைக்கப் பயந்து நின்றது.

கோவிந்தராசு அண்ணன் எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார்.

"ஊமக்கோட்டான் மாதிரி இருந்துக்கினு, நீதானே எதையோ போடுற?"

ராத்திரி முழுக்க ஒவ்வொருவராகத் திட்டினேன், மனசுக்குள். லட்டு ஊட்டிப் படம் எடுத்த மாப்பிள்ளைகளை. கொழுகொழுவென்று இருக்கிறதே என்று தட்டிக்கொடுத்தவர்களை. அண்ணனை.

சனிக்கிழமை வலிக்கிறதென்றால் வெள்ளிக்கிழமை யாரோ போடுகிறார்கள். அதனால்தான் இன்று விடிவதற்கு முன்பே வந்து புல்கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

கையை விடாமல், கொல்றியே, கொல்றியே என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது.

கை திமிறுவதை நிறுத்தியது.

"அமுதா? விடுடி, வலிக்குது."

அம்மா.

தட்டாஞ்சாவடி கம்பெனிக்குப் பெருக்கப் போகிற வழி இது. ஒன்பது வெள்ளிக்கிழமை அய்யனாரின் வாகனத்துக்கு வெல்லமும் கடலையும் போடுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள். கோயிலில் இருப்பது மண் குதிரை, தின்னாது. இது தின்கிற குதிரை. வெளியே சொன்னால் பலிக்காது என்று யாரிடமும் சொல்லவில்லை. இன்று ஏழாவது.

அப்படி என்ன வேண்டுதல் என்று கேட்டேன்.

"நீ மறுபடியும் பள்ளிக்கூடம் போவணும்னுதான்."

டாக்டரம்மா சொன்ன எதையும் நான் வீட்டில் சொன்னதில்லை. நான் வீட்டில் எதையுமே சொல்வதில்லை.

இப்போது சொன்னேன். புல், தண்ணீர், குளம்பு, எலும்பு, ஊசி எல்லாம். அம்மா முழுக்கக் கேட்டாள். இன்னும் இரண்டே வாரம்தான், சாமி காரியத்தைப் பாதியில் விட்டால் உனக்குத்தான் ஆகாது என்றாள்.

என் பின்னால் மல்லி ஒரு காலைத் தூக்கி, வலி தாங்காமல் மறு காலுக்கு மாறியது.

திங்கட்கிழமை போகிறேன் என்றேன்.

எங்கே என்றாள்.

பள்ளிக்கூடத்துக்கு என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

கை தளர்ந்தது. கடலையும் வெல்லமும் என் காலடி மணலில் விழுந்தன. மல்லி குனிவதற்குள் மிதித்துப் புதைத்தேன்.

அம்மா எதன்மேலோ ஏறிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

குதிரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.