ஏஸ் ஜோடி

டெரல் எழுந்தான், படுக்கையில் தன் பக்கத்தை மட்டும் சரிசெய்தான், காப்பி குடித்தான், ரீனோ நகரத்தில் வழக்கமான போக்கர் சீட்டாட்ட மேசைக்குப் போனான்.

கைக்கு இரண்டு ஏஸ் வந்தன; ஆட்டத்திலேயே உசத்தியான ஜோடி. இருப்பதிலேயே சிறிய பந்தயத்தை வைத்தான். மற்ற ஐந்து பேரும் ஆட்டத்தை விடாமல் கூடவே பந்தயம் கட்டினார்கள். கடைசிச் சீட்டில், முன்னாள் பஸ் டிரைவர் லொரெய்ன் ஜெயித்துவிட்டாள்.

“ஏஸ் ஜோடிய வெச்சுக்கிட்டு இவ்ளோதானா வெப்ப, மக்குப் பயலே? பெருசா வெச்சிருந்தா நாங்கல்லாம் சீட்டக் கவுத்துட்டு ஒதுங்கியிருப்போம்ல!” என்றாள்.

“அதான் வெக்கல.”

மேசையே சிரித்தது.

“தெனம் இப்படித் தோத்துட்டுப் போனா பொண்டாட்டி திட்ட மாட்டாளா?” என்றாள் லொரெய்ன்.

“அவதான் அனுப்புனா.”

அது உண்மைதான். ஆஸ்பத்திரியில் கண் மூடுவதற்கு முன் ட்ரேசி கடைசியாகச் சொன்னாள்:

“வீட்ல தனியா உக்காந்திருக்காத, மக்கு. போயி நாலு பேரோட ஆடு. நல்ல சீட்டு வந்தா எல்லாரையும் வெரட்டிடாத.”