ஒரு வாய்த் தண்ணீர்

அந்தக் கரையில் மணலை ஆளுயரம் தோண்டினால் நல்ல தண்ணீர் சுரக்கும். மழை விட்டுப்போன தண்ணீர் அது. அதற்குக் கீழே கடல் இருக்கிறது. கடலைக் கிளப்பிவிடாமல் இருக்க, பெண்கள் ஊற்றுக்குள் குந்தி, மேலாகச் சிரட்டையால் மொள்வார்கள். ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரம் ஆகும். பதினொரு வீடுகளுக்கும் குடிக்க அது ஒன்றுதான்.

ஜெசிந்தாவுக்கு எட்டாம் மாதம். அவள் குந்தி எழ முடியாமல் தவிப்பதைப் பார்க்கப் பொறுக்காத கணவன் ரெமிஜியுஸ், டவுனிலிருந்து மோட்டார் வாங்கி வந்து ஊற்றில் குழாயை இறக்கினான். தண்ணீர் கொட்டியது. குடங்கள், அண்டாக்கள், மீன் பெட்டிகள்கூட நிறைந்தன.

“ஏ ஜெசிந்தா, ஒன் மாப்பிள்ள கடலையே எறைச்சிருவாரு போல!” என்றாள் பக்கத்து வீட்டுச் சலேத்தம்மாள்.

“பேச்ச விட்டுட்டு அடுத்த குடத்த வைங்க மதினி” என்று சிரித்தான் அவன்.

முக்கால் மணி நேரம் கழித்து, அந்தத் தண்ணீரில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தியின் கையில் சோப்பு நுரைக்கவில்லை. ஜெசிந்தா குழாயில் டம்ளரைப் பிடித்து ஒரு வாய் எடுத்தாள். ரெமிஜியுஸ் மோட்டாரை அணைத்தான். பெண்கள் அவள் வாயையே பார்த்தார்கள்.

“துப்புடி” என்றாள் சலேத்தம்மாள். “பிள்ளத்தாச்சி நீ. துப்பிரு.”

ஜெசிந்தா கணவனைப் பார்த்தாள். பிறகு விழுங்கினாள்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

யாரும் குடத்தை நீட்டவில்லை.